நாய்களுக்குப் பச்சைக் காய்கறி கொடுப்பதும் அதனால் உண்டாகும் வயிற்றுக் கோளாறும்

பண்ணை வீட்டில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் கொடுக்கவேண்டிய தீவனத்தைப் பற்றி யோசிக்கிற அளவில், அவ்வீட்டு வாயிலில் படுத்துக் காவல் காக்கும் நாயின் ஆகாரத்தைப் பற்றி நம்மவர்கள் யோசிப்பது அரிது. வீட்டில் மிஞ்சியது எதுவோ அதுவே நாய்க்கு ஆகாரம் என்பது நெடுநாளைய வழக்கம். ஆனால் தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் நிலங்களில் காட்டுப்பன்றியும் மானும் மயிலும் பயிரை அழிக்கிற இடங்களில், ஒரு நல்ல நாய் ஒரு காவலாளுக்குச் சமானம். அது குட்டியாயிருக்கையில் ஆகாரக் குற்றத்தால் இறந்துபோனால், அந்த நஷ்டம் அடுத்த மகசூலின்போதுதான் தெரியவரும்.

கோவில்பட்டி, கழுகுமலைப் பக்கங்களில் வளர்க்கப்படும் கன்னி நாய்களும், அண்டையிலுள்ள விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை நாய்களும் பெயர் பெற்றவை. முற்காலத்தில் இவை முயல் வேட்டைக்குப் பயன்பட்டன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டை குற்றமாகிவிட்டதால், இப்போது இவற்றின் வேலை பண்ணைக் காவலும் ஆட்டுக் கிடைக் காவலுமே. தூத்துக்குடி நகரத்திலோ பொமரேனியன் முதலிய சிறு ஜாதி நாய்களையும் வீடுகளில் வளர்க்கிறார்கள். இவ்விருவகையாரிடமும் அண்மைக் காலத்தில் ஒரு புதுப் பழக்கம் காணப்படுகிறது. மனிதருக்குப் பச்சைக் காய்கறி நன்மை செய்வதைப் போலவே நாய்க்கும் செய்யும் என்று எண்ணி, காரட், முட்டைக்கோஸ், முள்ளங்கி முதலியவற்றை வேகவைக்காமலே நறுக்கிப் போடுகிறார்கள். மறுநாள் நாய் வாந்தியெடுத்தாலும் பேதியானாலும் காரணம் தெரியாமல் திகைக்கிறார்கள். இதைப் பற்றிய உண்மைகளைக் கீழே காண்க.

1. நாயின் வயிறு எப்படிப்பட்டது?

ஆடுமாடுகள் தாடையைப் பக்கவாட்டில் அசைத்து அரைத்துத் தின்னும். நாயின் தாடை மேலும் கீழுமாக மட்டுமே அசையும். அதன் 42 பற்களில் பெரும்பாலானவை கிழிப்பதற்கும் துண்டாக்குவதற்கும் ஏற்றவையேயன்றி, அரைப்பதற்கு ஏற்றவை அல்ல. ஆகவே காய்த்துண்டு வாய்க்குள் போன வடிவத்திலேயே இரைப்பையை அடைகிறது. மேலும் மனிதரின் உமிழ்நீரில் மாவுப்பொருளைக் கரைக்கும் சத்து உண்டு. நாயின் உமிழ்நீரில் அது இல்லையென்றே சொல்லலாம். மாட்டின் குடல் அதன் உடல் நீளத்தைப் போல் ஏறக்குறைய இருபது மடங்கு நீளமுள்ளது. நாயின் குடலோ ஐந்து ஆறு மடங்கு மட்டுமே. மாட்டின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் நாரைப் பக்குவப்படுத்திக் கொடுக்கின்றன. நாய்க்கு அத்தகைய வயிறு இல்லை.

பச்சைக் காயின் ஒவ்வோர் அணுவறையையும் நாராலான ஒரு சுவர் சூழ்ந்திருக்கிறது. சத்து முழுவதும் அச்சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. வேகவைத்தாலும் அரைத்தாலும் சுவர் உடைந்து சத்து வெளிப்படும். இரண்டும் செய்யாமல் போட்டால், காரட் துண்டு போன வண்ணமே மலத்தில் வெளிவருவதைக் காணலாம். அவ்வாறு போகும் வழியில், செரியாத நார் பெருங்குடலில் புளித்து வாயுவை உண்டாக்குகிறது, நீரையும் இழுத்துக்கொள்கிறது. வயிற்று உப்புசமும் இளகிய மலமும் இதனால் வருபவையே. முட்டைக்கோஸ், காலிபிளவர், முள்ளங்கி ஆகியவை இவ்விஷயத்தில் முதன்மையானவை.

2. முன்னோர் கொடுத்த கூழ்

கரிசல் காட்டுக் குடியானவர்கள் தங்கள் நாய்களுக்குக் கம்பங்கூழும் சோளக்கூழும் கொடுத்து வளர்த்தார்கள். மாமிசம் தின்னும் பிராணிக்குக் கூழ் ஏன் என்று சிலர் நகைப்பதுண்டு. ஆனால் ஸ்வீடன் தேசத்து உப்சாலாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் நாயின் மரபணுக்களையும் ஓநாயின் மரபணுக்களையும் ஒப்பிட்டு 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இவ்வழக்கத்திற்கு அனுகூலமாகவே இருக்கிறது. மாவுப்பொருளைக் கரைக்கும் சத்தைக் கணையத்தில் உண்டாக்கும் மரபணு ஓநாயிடம் 2 பிரதிகளே இருக்க, நாயிடம் 4 முதல் 30 வரை இருப்பதாக அவர்கள் கண்டார்கள். மனிதனுடைய அடுப்பங்கரையை அண்டி வாழ்ந்ததால் நாயின் உடலே மாறிவிட்டது என்பது இதன் கருத்து. ஆனால் அது வெந்த தானியத்தை ஜீரணிக்கும் சக்தியேயன்றி, பச்சை நாரை ஜீரணிக்கும் சக்தி அல்ல என்பதை மறக்கலாகாது.

பச்சைக் காயில்தான் வைட்டமின் ‘சி’ உண்டு, அதற்காகவே கொடுக்கிறோம் என்பாரும் உளர். மனிதன் அச்சத்தை உணவிலிருந்தே பெறவேண்டும். நாயோ அதைத் தன் ஈரலிலேயே உண்டாக்கிக்கொள்கிறது. ஆகையால் அதற்காகப் பச்சைக் காய் கொடுக்கவேண்டிய அவசியம் இல்லை. காரட், பறங்கிக்காய் இவற்றின் மஞ்சள் நிறச் சத்து நாய்க்குப் பயன்படுவது மெய். அதுவும் வேகவைத்து மசித்தாலே நன்றாய்ச் சேரும்.

3. சிறு நாய்க்கும் குட்டிக்கும் அபாயம் ஏன் மிகுதி?

எந்தப் பொருளின் கெடுதியும் உடல் எடையைப் பொறுத்தது. 20 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய் தாங்கக்கூடிய அளவை, 3 கிலோ எடையுள்ள குட்டி தாங்காது. குட்டியின் உடலில் நீரும் சர்க்கரையும் சேமிப்பாக இருப்பது சொற்பம். ஆகையால் ஒரு நாள் வாந்தியும் பேதியும் பெரிய நாயைச் சோர்வுறச் செய்யும், குட்டியையோ கொன்றுவிடும். தொண்டையும் குடலும் குறுகலானபடியால், பெரிய நாய் விழுங்கிவிடும் துண்டு குட்டிக்கு அடைப்பாக முடியும்.

4. வெங்காயம் என்னும் விஷம்

விளாத்திகுளம், புதூர், ஓட்டப்பிடாரம் வட்டாரங்களில் சின்ன வெங்காயம், அதாவது உள்ளி, மானாவாரியாகப் பயிராகிறது. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குச் செல்லும் தோணிகளில் வெங்காயமும் காய்கறிகளும் ஏற்றப்படுகின்றன. ஆகவே களத்திலும் கிட்டங்கியிலும் கழித்துப் போட்ட வெங்காயம் குவிந்து கிடப்பது இம்மாவட்டத்தில் சாதாரணக் காட்சி. பச்சைக் காய்களில் நாய்க்கு மிகக் கொடியது இதுவேயாதலால், இதனைச் சற்று விரித்துக் கூறுதல் தகும்.

வெங்காயத்திலுள்ள கந்தகச் சேர்க்கைப் பொருள்கள் நாயின் சிவப்பு ரத்த அணுக்களைத் தாக்கி உடைக்கின்றன. மனிதருக்கு இத்தீங்கு நேர்வதில்லை. நாயின் எடையில் கிலோ ஒன்றுக்கு 15 முதல் 30 கிராம் வரை வெங்காயம் உட்சென்றால் ரத்தத்தில் கெடுதி காணும் என்பது கால்நடை வைத்தியர் கண்ட கணக்கு. 3 கிலோ குட்டிக்கு 45 கிராமே போதும். நடுத்தர உள்ளி ஒன்றை 8 கிராம் என்று கொண்டால், ஆறு உள்ளிக்குள் அபாயம் வந்துவிடுகிறது. ஒரே வேளையில் தின்னாமல், தினம் கொஞ்சமாகப் பல நாள் தின்றாலும் கெடுதி சேர்ந்துகொண்டே போகும்.

இதில் குடியானவரை ஏமாற்றும் இரண்டு சங்கதிகள் உண்டு. முதலாவது, வேகவைப்பதனாலும் வதக்குவதனாலும் உலர்த்துவதனாலும் இவ்விஷம் நீங்குவதில்லை. ஆகையால் சாம்பார்ச் சோறும் குழம்புச் சோறும் குட்டிகளுக்கு ஆகா. இரண்டாவது, முதல் நாளில் வாந்தியோ பேதியோ கண்டு, அது நின்றதும் நாய் தேறிவிட்டது என்று தோன்றும். ரத்தக் குறைவின் அடையாளங்கள் சில நாட்கள் கழித்தே வெளிப்படும். ஈறு வெளுத்தல், மூச்சிரைப்பு, தள்ளாட்டம், கறுத்த செந்நிறச் சிறுநீர் ஆகியவை அவ்வடையாளங்கள். இவ்விஷத்திற்கு மாற்று மருந்து இல்லை. நாயின் உடலைத் தாங்கும் சிகிச்சையும், முற்றியபோது வேறொரு நாயின் ரத்தம் ஏற்றுதலுமே வழி.

வெள்ளைப்பூடு வெங்காயத்தின் இனமே. அளவுக்கு அளவு அதனினும் வீரியம் மிக்கது. குட்டிகளின் வயிற்றுப் பூச்சி போகப் பூடு அரைத்துக் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. பூச்சி போவதாக நம்பிக் குட்டியின் ரத்தத்தைக் கெடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம் ஆகாது. பூச்சி மருந்து கால்நடை மருந்தகத்தில் கிடைக்கிறது. குட்டி பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்தே வைத்தியர் சொல்லும் கிரமப்படி அதைக் கொடுக்கலாம்.

5. விலக்கவேண்டிய பிற பொருள்கள்

புளி: திராட்சைப் பழம் நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பது நெடுநாளாகத் தெரிந்ததே. அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலம் என்று அமெரிக்க வைத்தியர்கள் 2021, 2022-ஆம் ஆண்டுகளில் எழுதினார்கள். புளி தின்ற நாய்களுக்கும் அதே கேடு வந்ததைக் கண்டே இம்முடிவுக்கு வந்தார்கள். புளி அடிக்கிற காலத்தில் களத்திலே நாயைக் கட்டி வைத்தல் நலம்.

பச்சை உருளைக்கிழங்கும் தக்காளிக் காயும்: பச்சை நிறம் ஏறிய அல்லது முளைவிட்ட உருளைக்கிழங்கிலும், தக்காளியின் இலை, காய் இவற்றிலும் வயிற்றையும் நரம்பையும் கெடுக்கும் பொருள் உண்டு.

கசப்பான சுரைக்காயும் வெள்ளரியும்: நாவில் கசக்கும் சுரைக்காய், வெள்ளரிக்காய் மனிதருக்கே வாந்தி பேதி உண்டாக்கும். ஒரு சிறு துண்டை நாவில் தொட்டுக் கசப்பறிந்து, கசந்தால் எறிந்துவிடுக.

பச்சை மொச்சை முதலிய பயறுகள்: நன்றாய் வேகாத பயறு குடலைப் புண்ணாக்கும், வாயுவையும் மிகுவிக்கும்.

மக்காச்சோளக் கதிர்க்கட்டை: மணி உதிர்த்த கட்டையை நாய் கடித்து விழுங்கினால் அது செரிமானம் ஆகாது, குடலில் சிக்கி அடைக்கும். அறுவைச் சிகிச்சை செய்தே எடுக்கவேண்டிவரும். மாங்கொட்டையும் இத்தகையதே.

ஆமணக்குப் புண்ணாக்கு: இது காய்கறி அன்று, எனினும் எருவாக வயலில் இடப்படுவதாலும், அதன் வாசனை நாயை இழுப்பதாலும் இங்கே சொல்லப்படுகிறது. ஆமணக்கு விதையிலுள்ள விஷம் மிகக் கொடியது. மூட்டையை நாய்க்கு எட்டாத இடத்தில் வைத்து, இட்ட எருவை உடனே மண்ணால் மூடவேண்டும்.

மருந்து தெளித்த காய்: பூச்சிமருந்து தெளித்த தோட்டத்துக் காயை நாய் தின்று வாயில் நுரை தள்ளினால், அது வயிற்றுக் கோளாறு அன்று, விஷம் ஏறியதாகும். தாமதமின்றி வைத்தியரிடம் கொண்டுபோகவேண்டும். மருந்துப் புட்டியின் சீட்டையும் உடன் எடுத்துச் செல்லவேண்டும்.

6. கொடுக்கத் தகுந்தவையும் கொடுக்கும் முறையும்

காரட், பறங்கிக்காய், பீன்ஸ், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கசப்பில்லாத சுரைக்காய் இவை தகுந்தவை. நன்றாய்க் கழுவி, விதையும் கடினமான தோலும் நீக்கி, உப்பும் காரமும் எண்ணெயும் தாளிதமும் இல்லாமல் வேகவைத்து, மசித்துச் சோற்றோடு அல்லது கூழோடு பிசைந்து கொடுக்கவேண்டும். எவ்வகையிலும் நாள் ஆகாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது. 3 கிலோ குட்டிக்கு இரண்டு தேக்கரண்டி மசியல் போதுமானது. புதிய காய் ஒன்றை முதலில் ஒரு தேக்கரண்டி மட்டும் கொடுத்து, இரண்டு நாள் மலத்தைக் கவனித்த பின்பே அளவைக் கூட்டவேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு புதிய காய்களைத் தொடங்கினால், கோளாறு வந்தபோது எதனால் வந்தது என்று அறிய முடியாது.

பச்சையாகவே கொடுக்க விரும்புவோர் வெள்ளரி அல்லது காரட்டைத் துருவிச் சிறிதளவு வளர்ந்த நாய்க்குக் கொடுக்கலாம். தாய்ப்பால் மறந்த சிறு குட்டிகளுக்கு வேண்டாம். பீட்ரூட் தின்றால் மலம் செந்நிறமாகப் போகலாம்; அதை ரத்தமென்று கண்டு பயப்படவேண்டாம். நாய் சுறுசுறுப்பாயிருந்து ஈறும் சிவந்திருந்தால், ஒரு நாள் பீட்ரூட்டை நிறுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

காய் எவ்வளவு நல்லதாயினும் மாமிசச் சத்திற்கு அது பதில் ஆகாது. முட்டை, மோர், முள் நீக்கிய மீன் இவற்றில் ஏதேனும் ஒன்று குட்டிக்கு நாள்தோறும் வேண்டும். கடற்கரையூர்களில் மீன் மலிவு. ஆனால் உப்பிட்ட கருவாடும், வலையில் கழித்துப் போட்ட பேத்தை மீனும் நாய்க்கு ஆகா. பேத்தை உயிரைக் கொல்லும் விஷமுடையது.

7. வயிறு கெட்டபோது செய்யவேண்டியவை

முதலாவதாக, தின்ற பொருள் யாது, எவ்வளவு, எப்போது என்பதை விசாரித்தறியவேண்டும். வெங்காயம், புளி, ஆமணக்கு இவற்றில் ஏதேனும் தின்றிருந்தால், அடையாளம் காணும்வரை காத்திராமல் உடனே வைத்தியரிடம் போகவேண்டும். இரண்டொரு மணி நேரத்திற்குள் போனால் அவர் வாந்தி எடுக்கச் செய்து விஷத்தை வெளியேற்றக்கூடும்.

வீட்டிலேயே உப்புநீர் ஊற்றி வாந்தி எடுக்கச் செய்யும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடவேண்டும். உப்பளங்கள் நிறைந்த இந்நாட்டில் உப்பு கைக்கெட்டும் பொருள். சிறு நாயின் உடலுக்கு அந்த உப்பே விஷமாகி மூளையைத் தாக்கும்.

சாதாரணமாக, காய் செரியாமல் ஒரு முறை இரு முறை வாந்தியோ பேதியோ கண்டு, நாய் மற்றபடி தெளிவாயிருந்தால், கீழ்க்கண்டபடி செய்யலாம். வளர்ந்த நாய்க்கு அரை நாள் ஆகாரத்தை நிறுத்தலாம், தண்ணீரை நிறுத்தலாகாது. குட்டிகளைப் பட்டினி போடக்கூடாது. சர்க்கரை குறைந்து மயங்கிவிடும். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கரைத்து, அந்நீரைக் கொஞ்சங் கொஞ்சமாய் நக்கக் கொடுக்கவேண்டும். வாயைப் பிளந்து ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். பின்னர்க் குழைய வெந்த அரிசிச் சோற்றில் உப்பில்லாத, எலும்பில்லாத வெந்த கோழியைப் பிசைந்து, நாளைக்கு நான்கு வேளையாகப் பிரித்து இரண்டு மூன்று நாள் கொடுத்து, படிப்படியாகப் பழைய ஆகாரத்திற்குத் திரும்பலாம். மனிதருக்குரிய காய்ச்சல், வலி மாத்திரைகளைக் கொடுக்கலாகாது. அவற்றில் பல நாய்க்கு விஷம்.

நீர் வற்றியதை அறிய இரண்டு சோதனைகள் உண்டு. தோளின்மேல் தோலைக் கிள்ளி விட்டால் அது உடனே பழைய நிலைக்குத் திரும்பவேண்டும். ஈற்றை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்கவேண்டும். இரண்டும் தாமதமானால் வீட்டு வைத்தியத்தை நிறுத்தி மருந்தகத்திற்குப் புறப்படுக.

8. காய்கறியின்மேல் பழி போடலாகாத இடங்கள்

வயிற்றுக் கோளாறு யாவும் ஆகாரத்தால் வருவன அல்ல. முக்கியமாக இரண்டு வியாதிகளை அறிந்திருத்தல் அவசியம்.

முதலாவது பார்வோ என்னும் தொற்று நோய். 1978-ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் பரவிய இந்நோய், குட்டிகளுக்குத் துர்நாற்றத்துடன் கூடிய ரத்தபேதியை உண்டாக்கி இரண்டொரு நாளில் கொல்லும். இதன் கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். எட்டு வாரத்திற்குள் முதல் ஊசி போட்டு, பதினாறு வாரம் வரை வைத்தியர் சொல்லும் இடைவெளியில் தொடர்ந்து போடுவதே தடுப்பு. குட்டி காய் தின்றது, அதனால் பேதி என்று இரண்டு நாள் சும்மா இருந்து, ஓர் ஈற்றுக் குட்டிகள் அனைத்தையும் இழந்தபின் வருந்துவதில் பயனில்லை.

இரண்டாவது வெறிநோய். தொண்டையில் காய்த்துண்டோ எலும்போ சிக்கியதுபோல் நாய் எச்சில் ஒழுகவிட்டு, விழுங்க முடியாமல் தவிக்குமானால், அது வெறிநோயாகவும் இருக்கலாம். அத்தகைய நாயின் வாய்க்குள் எக்காரணத்தைக் கொண்டும் கையை விடலாகாது. எச்சில் பட்ட காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ளவேண்டும். இதில் ஒரு நாள் தாமதமும் உயிருக்கு ஆபத்தாகும்.

9. கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

வெங்காயம் தரம் பிரிக்கும் களங்களிலும் சந்தைகளிலும் கழிவைத் தெருவில் கொட்டாமல் குழியில் இட்டு மக்கச் செய்தால், அது நல்ல எருவாகும்; நாய்க்கும் கேடு வராது. கிராம சபை கூடும் நாளில் நாய்களுக்கு வெறிநோய் ஊசி போடும் தேதியை எல்லோருக்கும் அறிவித்தல் நன்று. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தின் வேலை நேரத்தையும் தொலைபேசி எண்ணையும் கிராம நிர்வாக அலுவலகச் சுவரில் எழுதி வைத்தால், நடுச் சாமத்தில் குட்டி வாந்தியெடுக்கும்போது எங்கே போவது என்று குடியானவர் அலையவேண்டியிராது.

சுருக்கம்

(1) நாய்க்குக் காய் வேண்டுமாயின் வேகவைத்து மசித்துக் கொடுக்க. பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

(2) வெங்காயம், பூடு, புளி, திராட்சை ஆகியவை எவ்விதத்திலும் கூடா. குழம்புச் சோறும் அப்படியே.

(3) கதிர்க்கட்டை, மாங்கொட்டை, ஆமணக்குப் புண்ணாக்கு இவற்றை எட்டாத இடத்தில் வைக்க.

(4) உப்புநீர் ஊற்றி வாந்தி எடுக்கச் செய்யவேண்டாம்.

(5) குட்டியைப் பட்டினி போடவேண்டாம், நீரை நிறுத்தவேண்டாம்.

(6) ரத்தம் கலந்த பேதி, ஓயாத வாந்தி, வெளுத்த ஈறு, கறுத்த சிறுநீர், வீங்கிய வயிறு, மலம் கழிக்க முக்கியும் போகாமை ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே வைத்தியரிடம் செல்க.

பயிருக்கு எரு எவ்வளவு என்று கணக்கிட்டு இடுகிற குடியானவர், பயிரைக் காக்கும் பிராணிக்கும் அதே கணக்கோடு ஆகாரமிட்டால், வருஷந்தோறும் குட்டிகளை இழக்கும் நஷ்டம் பெரும்பாலும் குறைந்துவிடும்.